நோயில் 'முன்னேற்றம்' என்றால் நல்லதா? மெடிக்கல் ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டரில் மொழிபெயர்ப்பது எப்படி

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் செய்யும் வேலைகள் சில உண்டு. பேரன் பேத்தி போட்டோக்களை ஒரு போல்டரில் போடுவது, சீட்டாட்டம் ஆடுவது, மின்சாரக் கட்டணத்தை வீட்டிலிருந்தே கட்டிவிட்டு அதைப் பத்துப் பேரிடம் சொல்வது. அதற்கு அடுத்த கட்டமாக ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழாக்கிப் பார்க்கும் ஆசை வரும். பாங்க் கடிதம், இன்சூரன்ஸ் பத்திரம் என்று ஆரம்பித்து ஒரு நாள் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் வந்து நிற்கும். இந்த மாதப் பாடம் அந்த ரிப்போர்ட்டைப் பற்றியது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறேன்.

என் மாமா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிட்லபாக்கத்தில் வீடு. ஓய்வுப் பணம் வந்ததும் முதலில் வாங்கியது ஒரு லேப்டாப். மேற்கு தாம்பரத்தில் இருக்கும் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவருக்குப் பாடம் எடுப்பேன். மவுஸ் பிடிப்பது, பைலை சேவ் செய்வது, சேவ் செய்த பைல் எங்கே போனது என்று தேடுவது. ஆறே வாரத்தில் மனிதர் நன்றாகத் தேறிவிட்டார்.

அத்தைக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. சில வருடங்களாகச் சிறுநீரகத்திலும் பிரச்சினை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டுவார்கள். அங்கே தரும் ஆங்கிலத் தாளை மாமா எனக்குப் போனில் படித்துக் காட்டுவார், நான் அர்த்தம் சொல்வேன். அந்த முறை போன் வரவில்லை. தாளில் இருந்த நான்கு வரிகளை மாமா தானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, ஒரு இலவச மொழிபெயர்ப்பு தளத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். தமிழில் இப்படி வந்திருக்கிறது:

'சிகேடி நிலை 3பி. கடந்த வருகைக்குப் பிறகு நோயில் முன்னேற்றம் காணப்படுகிறது. என்எஸ்ஏஐடிகளைத் தவிர்க்கவும். 2 வாரங்களில் மதிப்பாய்வு.'

முன்னேற்றம்! அன்று மாலையே அத்தை பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். முட்டி வலிக்கு வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையும் தொடர்ந்தது. அந்த ஐந்தெழுத்துச் சொல் குறிப்பது அதே மாத்திரையைத்தான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொன்னதை 'மதிப்பாய்வு' விழுங்கிவிட்டது. ஏதோ ஆபீஸில் பரிசீலிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

ஐந்து வாரம் கழித்து வேறு ஏதோ பேப்பர் தேடும்போது அந்தத் தாள் என் கையில் கிடைத்தது.

"மாமா, இதுல புரோகிரஷன்னு போட்டிருக்கே?"

"ஆமாப்பா, முன்னேற்றம். கம்ப்யூட்டரே சொல்லுது."

"முன்னேறினது நோய் மாமா. அத்தை இல்ல."

அவர் முகம் போன போக்கை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆபீஸில் நான் பார்த்த அதே கூத்து

எனக்கு இதில் கூடுதலாக வெட்கப்பட ஒரு காரணம் இருந்தது. தாம்பரம் மெப்ஸ் வளாகத்தில் நான் பார்க்கும் வேலையே இதுதான். ஸ்பானிய மொழியில் எழுதிய மருத்துவக் குறிப்புகளை ஆங்கிலமாக்கும் ஒரு சாப்ட்வேரைச் சோதித்துத் தவறு கண்டுபிடிக்கும் குழுவில் இருக்கிறேன். ஸ்பானிஷ் பேசச் சொன்னால் முழிப்பேன். ஆனால் நோய் கூடுவது, குறைவது, திரும்புவது பற்றிய சில நூறு சொற்கள் தண்ணீர் பட்ட பாடு.

அதில் முதல் சொல் 'எவொலுசியோன்'. பார்த்தவுடன் ஆங்கில எவல்யூஷன் நினைவுக்கு வரும், குரங்கிலிருந்து மனிதன் வந்த கதை. ஸ்பானிய டாக்டர் எழுதும்போது அதற்கு 'நோயின் போக்கு' என்று பொருள். 'மூன்று நாள் எவொலுசியோன்' என்றால் நோய் ஆரம்பித்து மூன்று நாள் ஆகிறது, அவ்வளவுதான். அந்தச் சொல் நல்லதையும் சொல்லாது, கெட்டதையும் சொல்லாது. பக்கத்தில் 'ஃபாவொராப்லே' என்று இருந்தால் நோயாளி தேறி வருகிறார். 'டோர்பிடா' என்று இருந்தால் சரியாகப் போகவில்லை. ஒட்டி வரும் சொல்லை விட்டுவிட்டால் ரிப்போர்ட்டே போச்சு.

இன்னொரு ஜோடி இருக்கிறது. 'எக்ஸிடோ' என்றால் ஸ்பானிய மொழியில் வெற்றி. 'எக்ஸிடுஸ்' என்று டாக்டர் எழுதினால் நோயாளி இறந்துவிட்டார். வெளியேறுதல் என்னும் பொருளுள்ள லத்தீன் சொல் அது. எங்கள் சாப்ட்வேரின் ஆரம்பப் பதிப்பு இரண்டாவதையும் 'வெற்றி' என்றே எழுதியது. நல்லவேளை, சோதனை டேட்டாவில்தான்.

'எஸ்டாடியோ' என்பது நோயின் கட்டமும்தான், விளையாட்டு மைதானமும்தான். 'ப்ரோட்டே' ஒரு ஆளுக்கு வந்தால் அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்குவது. ஊருக்கு வந்தால் தொற்று பரவுவது. செடிக்கு வந்தால் துளிர். 'ரெமிசியோன்' என்றால் நோய் அடங்கியிருப்பது. அதே சொல் லத்தீன் அமெரிக்க நாடுகளில் வேறு டாக்டரிடம் அனுப்பி வைப்பதையும் குறிக்கும். 'ப்ரோனோஸ்டிகோ ரெசெர்வாடோ' என்பதில் எதுவும் ரிசர்வ் செய்யப்படவில்லை. என்ன ஆகும் என்று இப்போது உறுதி சொல்ல முடியாது என்பதை டாக்டர்கள் அப்படி எழுதுவார்கள்.

இவையெல்லாம் வெறும் வேடிக்கை இல்லை. 1980-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் வில்லி ராமிரெஸ் என்ற 18 வயது இளைஞர் மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார். கியூபாவைச் சேர்ந்த குடும்பம். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்னும் பொருளில் 'இன்டாக்சிகாதோ' என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். ஆங்கிலத்தில் அது 'இன்டாக்சிகேடட்' ஆயிற்று, அதாவது போதை. போதை மருந்து கேஸ் என்று வைத்தியம் நடந்தது. உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. அது தெரிவதற்குள் கை கால் நான்கும் செயலிழந்துவிட்டன. வாழ்நாள் முழுவதற்குமாகச் சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீடு என்று வழக்கு சமரசத்தில் முடிந்தது. அங்கே கம்ப்யூட்டர் இல்லை, மனிதர்களேதான் செய்தார்கள். பார்ப்பதற்கு ஒன்று போல் இருக்கும் சொல் மனிதனையும் ஏமாற்றும்.

இதையெல்லாம் தினமும் பார்க்கிறவன் வீட்டில்தான் 'முன்னேற்றம்' ஐந்து வாரம் கிடந்தது.

தமிழில் ஏன் தலைகீழாகிறது?

புரோகிரஷன் என்றால் ஒரு பக்கமாக மேலே நகர்வது. எது நகர்கிறது என்பதைப் பொறுத்து அது நல்லதோ கெட்டதோ ஆகும். நம் 'முன்னேற்றம்' அப்படி இல்லை. அது எப்போதும் நல்ல சொல். கட்சிப் பெயரில் வரும், அரசுத் திட்டத்தில் வரும், பள்ளி ரிப்போர்ட் கார்டில் வரும். இதன் எதிர்ச்சொல்லைப் பாருங்கள். ரிகிரஷன் என்றால் கட்டியோ நோயோ சுருங்குவது, நல்ல சேதி. அதற்கு மெஷின் தருவது 'பின்னடைவு'. தேர்தல் நாளன்று டிவியில் வேட்பாளருக்குப் போடும் அதே சொல். ஆக, நோய் கூடினால் வீட்டில் தேங்காய் உடைப்பார்கள், நோய் குறைந்தால் அழுவார்கள்.

இன்னும் இரண்டு சொற்கள். நோய் 'அட்வான்ஸ்டு' என்று இருந்தால் பல தளங்கள் 'மேம்பட்ட' என்று போடும். மேம்பட்ட தொழில்நுட்பம், மேம்பட்ட வசதி, மேம்பட்ட நோய்! 'புரோகிரசிவ்' என்பதற்கு 'முற்போக்கான' என்று வந்ததை நானே பார்த்தேன். நோய்க்குக் கொள்கை எல்லாம் உண்டு போலிருக்கிறது.

தமிழில் சொல் இல்லையா என்றால் நிறைய இருக்கிறது. 'முற்றிப் போச்சு' என்று நம் பாட்டி சொன்னாரே, அதைவிடச் சரியான சொல் எது? 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்காக ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கிக் கலைச்சொற்களும் சேர்த்தார். அவ்வளவு பழைய வேலை இது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு புரோகிராம்கள் அகராதியைப் பார்த்து வேலை செய்வதில்லை. ஒரே வாக்கியம் இரண்டு மொழியிலும் இருக்கும் ஜோடிகளை லட்சக்கணக்கில் படித்து, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று கற்றுக்கொள்கின்றன. தமிழில் கிடைக்கும் ஜோடிகளில் செய்தியும் அரசு அறிவிப்பும்தான் மிகுதி. அங்கே முன்னேறுவது நாடும் மாவட்டமும்தான், சிறுநீரக நோய் இல்லை.

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது 2011-ல். 2017-ல் நியூரல் முறைக்கு மாறியபின் வாக்கியங்கள் நன்றாகவே கோவையாக வருகின்றன. நம் ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு 2021-ல் 'சமானந்தர்' என்ற பெரிய வாக்கியத் தொகுப்பையும், 2023-ல் அட்டவணை மொழிகள் 22-க்குமான 'இண்டிக்டிரான்ஸ்2' என்ற மொழிபெயர்ப்பு மாடலையும் இலவசமாக வெளியிட்டது. வேலை நடக்கிறது. ஆனால் கோவையாக வருவதில்தான் ஆபத்தும் இருக்கிறது. முன்பெல்லாம் உளறலாக வரும், சந்தேகம் தட்டும். இப்போது அழகான தமிழில் தவறாக வருகிறது.

2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. பத்து மருத்துவ வாக்கியங்களை 26 மொழிகளில் கூகுள் மூலம் மாற்றிப் பார்த்தார்கள். சரியாக வந்தது 57.7 சதவீதம். 'கார்டியாக் அரெஸ்ட்', அதாவது இதயம் நின்றுபோவது, மராத்தியில் இதயத்தைச் சிறை வைத்ததாக வந்தது. 2021-ல் வந்த இன்னொரு ஆய்வு, அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அறிவுரைகளை ஏழு மொழிகளில் சோதித்தது. ஸ்பானிய மொழியில் 94 சதவீதம் பொருள் மாறாமல் வந்தது, அர்மீனிய மொழியில் 55 சதவீதம்தான். தமிழ் அந்த ஏழில் இல்லை. இன்டர்நெட்டில் நிறைய எழுதப்பட்ட மொழிக்கு மெஷின் நன்றாக உழைக்கிறது, குறைவாக எழுதப்பட்ட மொழிக்குக் குறைவாக.

பாடம் ஆரம்பம்: முதலில் தாளைத் தயார் செய்யுங்கள்

ரிப்போர்ட் பிடிஎஃப் பைலாக ஈமெயிலில் வந்திருந்தால் அதில் மவுஸை இழுத்து எழுத்துக்களைத் தேர்வு செய்ய முடிகிறதா பாருங்கள். முடிந்தால் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்யலாம். முடியவில்லை என்றால் அது படமாக உள்ள பைல். போட்டோவிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி மொழிபெயர்ப்பு தளங்களிலும் செல்போனிலும் உண்டு. அச்சடித்த எழுத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எண்களை மட்டும் தாளைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். 1.9 என்பதில் புள்ளி விழுந்தால் 19. டாக்டரின் கையெழுத்துக்கு இதை நம்பாதீர்கள். மருந்துக் கடைக்காரரே உசத்தி.

அடுத்தது முக்கியம். நோட்பேடில் வைத்தே பெயர், போன் நம்பர், ஆஸ்பத்திரி பதிவு எண், 14 இலக்க ஆபா எண் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். வயதும் நோயும் இருந்தால் போதும். இலவசத் தளத்தில் நீங்கள் போடுவது எங்கே சேர்கிறது என்பது உங்கள் கையில் இல்லை.

தமிழில் டைப் செய்ய வேண்டியும் வரும். விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்று போய், ஆட் எ லாங்குவேஜ் பட்டனைக் கிளிக் செய்து தமிழைத் தேர்வு செய்யுங்கள். தமிழ்99 கீபோர்டும் ஒலிப்பு முறை கீபோர்டும் கிடைக்கும். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலம் தமிழாகும், மறுபடி தட்டினால் பழையபடி ஆங்கிலம்.

திருப்பிப் போட்டுப் பார்க்கும் வித்தை

மொழிபெயர்ப்பு சரியா என்று பார்க்க எல்லோரும் சொல்லித்தரும் ஒரு வித்தை உண்டு. வந்த தமிழைக் காப்பி செய்து, புது விண்டோவில் போட்டு, மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்ப்பது. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தால் சரி. நானும் ஆபீஸில் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அத்தையின் ரிப்போர்ட்டில் செய்து பார்த்தேன். 'நோயில் முன்னேற்றம்' திரும்ப ஆங்கிலத்தில் 'நோயில் புராகிரஸ்' என்று வந்தது. கிட்டத்தட்ட ஒரிஜினல் மாதிரியே இருக்கிறது! போன வழியிலேயே திரும்பி வந்ததால் தவறு எங்கும் தெரியவில்லை. மெஷினுக்கு இரண்டு சொல்லும் சமம். இடையில் தமிழ் படித்த அத்தைக்குத்தான் அது வேறாக இருந்தது.

வித்தையை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். எண் மாறியது, மாத்திரை பெயர் சிதைந்தது, 'இல்லை' என்ற சொல் தொலைந்தது போன்ற தவறுகளை அது பிடிக்கும். 'புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை' என்பதில் கடைசிச் சொல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நல்லதா கெட்டதா என்ற திசைத் தவறை மட்டும் அதனால் பிடிக்க முடியாது.

முதலில் ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு

எனக்குப் பலன் தந்தது இந்த வழிதான். டாக்டர் ஆங்கிலத்தை நேராகத் தமிழாக்காதீர்கள். முதலில் அதைச் சாதாரண ஆங்கிலமாக மாற்றுங்கள். அதன்பின் தமிழாக்குங்கள்.

புரோகிரஷன் என்ற சொல்லைத் தனியாக எடுத்து மெட்லைன்ப்ளஸ் வெப்சைட்டில் தேடுங்கள். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் பொதுமக்களுக்காக இலவசமாக நடத்தும் தளம். விளம்பரம் கிடையாது. ஆங்கிலம் எளிமையாக இருக்கும், ஸ்பானிய மொழியிலும் உண்டு. புற்றுநோய்ச் சொற்களுக்கு அந்நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஓர் அகராதி வைத்திருக்கிறது, அதுவும் இரு மொழியில். ஆபீஸில் ஸ்பானியச் சொல்லில் சந்தேகம் வந்தால் நாங்கள் முதலில் போவதும் அங்கேதான். நோய் மோசமாவது அல்லது உடலில் பரவுவது என்பதுதான் அங்கே கிடைக்கும் பொருள்.

இப்போது நோட்பேடில் அந்த வரியைத் திருத்துங்கள். 'புரோகிரஷன்' இருந்த இடத்தில் 'போன முறையைவிட நோய் மோசமாகியிருக்கிறது' என்பதை எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். 'ரிவ்யூ 2 வீக்ஸ்' என்பதை 'இரண்டு வாரத்தில் டாக்டரிடம் திரும்ப வாருங்கள்' என்று விரித்து எழுதுங்கள். சுருக்கெழுத்துக்களை உடையுங்கள். சிகேடி என்பது நாள்பட்ட சிறுநீரக நோய். என்எஸ்ஏஐடி என்பது டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரை வகை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அவை மேலும் கெடுதல் செய்யக்கூடும். இதையெல்லாம் மாற்றிவிட்டு அதே இலவசத் தளத்தில் போட்டேன். நான்கு வரியும் யாருக்கும் புரியும் தமிழில் வந்தது. தளம் அதேதான், கொடுத்த ஆங்கிலம்தான் வேறு.

சாட்ஜிபிடி போன்ற உரையாடல் புரோகிராம்களைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம். 'இது சிறுநீரக ரிப்போர்ட், ஒவ்வொரு வரியும் நோய் கூடியதைச் சொல்கிறதா, குறைந்ததையா, அப்படியே இருப்பதையா என்று எளிய தமிழில் சொல்' என்று சூழலைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சரியாகவே சொல்கின்றன. ஒரு கெட்ட பழக்கம் மட்டும் உண்டு. தாளில் இல்லாத அறிவுரையையும் சேர்த்துவிடும். நான்கு வரி கொடுத்தால் நான்கு வரிதான் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், வந்ததை எண்ணியும் பாருங்கள்.

மாமாவின் பட்டியல்

அந்த வாரமே மாமாவை உட்கார வைத்து ஒரு ஷீட் தயாரித்தோம். எக்ஸெல் இருந்தால் அதில் செய்யலாம். இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். நான்கு பத்தி: டாக்டர் எழுதிய சொல், எளிய ஆங்கிலம், நம் தமிழ், கடைசியில் மாமாவே வைத்த தலைப்பு, 'நமக்கு எப்படி?'. தலைப்பு வரி மேலேயே நிற்க எக்ஸெலில் வியூ மெனுவில் ஃப்ரீஸ் பேன்ஸ், அதில் ஃப்ரீஸ் டாப் ரோ. சொல்லைத் தேட கன்ட்ரோல் கீயோடு எஃப் கீ. சேவ் செய்யும்போது எக்ஸெல் பைலாகவே வையுங்கள். சிஎஸ்வி வேண்டுமென்றால் யுடிஎஃப்-8 என்று பெயருள்ளதைத் தேர்வு செய்யுங்கள். வேறு வகையில் சேவ் செய்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாக மாறிவிடும். மாமாவுக்கு ஒரு முறை மாறியது. மூன்று நாள் வேலை போச்சு.

நான்காவது பத்தியில் நான்கே பதில்தான்: மோசம், தேவலை, அதே நிலை, டாக்டரைக் கேட்க. இதுதான் ஷீட்டின் உயிர். புரோகிரஷன், மோசம். ரிகிரஷன், தேவலை. அட்வான்ஸ்டு, முற்றியது, மோசம். 'ரெமிஷன்' என்பதற்கு மெஷின் 'நிவாரணம்' என்று வெள்ள நிதி மாதிரிச் சொன்னது. நாங்கள் 'நோய் அடங்கியிருக்கிறது' என்று எழுதி, தேவலை என்று போட்டு, 'திரும்பலாம்' என்று பக்கத்தில் சேர்த்தோம். 'ரிலாப்ஸ்' என்றால் திரும்பிவிட்டது, மோசம். 'அன்ரிமார்க்கபிள்' என்பதற்கு ஏதோ குறை சொல்வது போல் 'குறிப்பிடத்தக்கதல்ல' என்று வரும். உண்மையில் வித்தியாசமாக ஒன்றும் தென்படவில்லை என்பதுதான் பொருள்.

'அக்யூட்' பலரைக் குழப்பும். 'கடுமையான' என்று தமிழாக்கிவிடுகிறார்கள். அது முதலில் சொல்வது வேகத்தை, நோய் திடீரென்று வந்தது என்பதை. 'க்ரானிக்' என்றால் நெடுநாளாக இருப்பது. 'நாள்பட்ட' என்பது சரியான சொல்தான். ஆனால் நம் ஊர்ப் பேச்சில் 'நாள்பட்டுப் போச்சு' என்றால் கைமீறிவிட்டது என்று பயந்துவிடுவார்கள். இரண்டுக்கும் 'டாக்டரைக் கேட்க' என்றே போட்டோம்.

புற்றுநோய் ஸ்கேன் ரிப்போர்ட் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 'ரெஸ்பான்ஸ்' என்று வருவதை மெஷின் 'பதில்' என்று போடும். கட்டி மருந்துக்குக் கட்டுப்பட்டதா என்பதே விஷயம். ரெசிஸ்ட் என்ற உலக அளவுகோல் 2000-ல் வந்து 2009-ல் திருத்தப்பட்டது. அதன்படி, குறித்து வைத்த கட்டிகளின் விட்டங்களைக் கூட்டிய அளவு 30 சதவீதமாவது குறைந்தால் 'பார்ஷியல் ரெஸ்பான்ஸ்'. இருந்ததிலேயே மிகச் சிறிய அளவிலிருந்து 20 சதவீதமாவது கூடி, கூடிய அளவு 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் 'புரோகிரசிவ் டிசீஸ்'. புதிதாக ஒரு கட்டி தோன்றினாலும் அதே பெயர்தான். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் 'ஸ்டேபிள்'. ஆக, 'ஸ்டேபிள்' என்ற ரிப்போர்ட்டில் கட்டி கொஞ்சம் கூடியும் இருக்கலாம், கொஞ்சம் குறைந்தும் இருக்கலாம்.

'பாசிட்டிவ்' என்ற சொல்லுக்கு எங்கள் பகுதிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்கே காசநோய் ஆஸ்பத்திரியால் வந்த பெயர். டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கியதை 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. நாட்டில் இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்து 2004 ஏப்ரலில் தொடங்கியபோது முதலில் கிடைத்த இடங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆஸ்பத்திரியைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு 'சளி பாசிட்டிவ்' என்றால் கிருமி இருக்கிறது, 'நெகட்டிவ்' ஆனால் நல்லது என்பது பழகிய பாஷை. மெஷின் அதை 'நேர்மறை' என்று மாற்றினால்தான் குழப்பம். நேர்மறை எண்ணம் வேண்டும் என்று தினமும் டிவியில் கேட்கிறோமே. ஆகவே மாமாவின் ஷீட்டில் பாசிட்டிவ் பாசிட்டிவாகவே இருக்கிறது. பேச்சில் புழங்கும் சொல்லை மாற்றத் தேவையில்லை. எந்த டெஸ்ட் என்று பார்த்துத்தான் நான்காவது பத்தியை நிரப்ப வேண்டும்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் முன்பைவிட ஏறியிருந்தது. டாக்டர் முட்டி மாத்திரையை உடனே நிறுத்தினார். 3பி என்பதையும் விளக்கினார். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை அளக்கும் இஜிஎஃப்ஆர் என்ற எண் 45-லிருந்து 59 வரை இருந்தால் 3ஏ, 30-லிருந்து 44 வரை இருந்தால் 3பி. 15-க்குக் கீழே போனால் 5, அதுதான் கடைசிக் கட்டம். எண் இறங்க இறங்கக் கட்டம் ஏறும். இதுவும் தலைகீழ்தான். மாமா அதைத் தனி வரியாகச் சேர்த்துவிட்டார்.

இப்போது ஒவ்வொரு முறையும் டாக்டரைப் பார்க்கப் போகும்போது 'டாக்டரைக் கேட்க' என்று உள்ள வரிகளை மட்டும் ஃபில்டர் செய்து பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகிறார். டாக்டர் சொன்னதை அங்கேயே பேனாவால் எழுதி, வீட்டுக்கு வந்து டைப் செய்கிறார்.

சென்ற மாதத் தாளில் ஒரே வரி. சிறுநீரகம், 'ஸ்டேபிள்'. எனக்குப் போன் வந்தது, பக்கத்தில் அத்தை குரலும் கேட்டது.

"மெஷின் 'நிலையானது'ன்னு போடுதுப்பா. உங்க அத்தை நோய் நிலையா தங்கிடுச்சான்னு கேக்கறா."

"இல்ல மாமா. ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல."

கீ தட்டும் சத்தம் கேட்டது. "அதே நிலைன்னு போட்டாச்சு."

"கோயிலுக்குப் போலாமான்னு கேளுங்க," என்றார் அத்தை.

"போகலாம் அத்தை. ரெண்டு வாரத்துல வரச் சொல்லியிருக்காரான்னு முதல்ல பாருங்க."

"இல்ல, மூணு மாசம்," என்றார் மாமா. "அதையும் டைப் பண்ணிட்டேன்."